புது ட்ரீட்மென்ட்னு டாக்டர் சொன்னா இன்சூரன்ஸ்ல காசு வருமான்னு முன்னாடியே பாக்குறது எப்படி

அம்மாவுக்கு சுகர்னால கண்ணுக்குள்ள நீர் கோத்துக்கிச்சு, மாசம் ஒண்ணுன்னு மூணு ஊசி கண்ணுக்குள்ளயே போடணும், அதுக்கப்புறம் ஸ்கேன் பாத்துட்டு சொல்றோம்னு டாக்டர் சொன்னாரு. காலைல எட்டு மணிக்கு போனோம், பத்தரைக்கெல்லாம் கறுப்பு கண்ணாடி மாட்டிக்கிட்டு அம்மா ஆட்டோவுல உக்காந்து "இவ்ளோதானா, இதுக்கா ரெண்டு நாள் தூங்காம கெடந்தேன்"னு சிரிச்சாங்க. நானும் நிம்மதியா க்ளைம் போட்டேன். பதினைஞ்சு நாள் கழிச்சு ரெண்டு வரியில மெயில் வந்துச்சு, 24 மணி நேரம் அட்மிட் ஆகலை, இது ஓபி சிகிச்சை, பணம் வராது. ஆறு வருஷமா ஒரு வருஷம் கூட விடாம ப்ரீமியம் கட்டுற பாலிசிங்க அது.

அந்த மெயில் வந்ததுக்கப்புறம்தான் பாலிசியோட பிடிஎஃப்பை முதல் தடவையா முழுசா தொறந்து பாத்தேன். அன்னைலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் கத்துக்கிட்டதை எல்லாம் இங்க எழுதுறேன், ஏன்னா எங்க தெருவுலயே மூணு பேரு இதே மாதிரி ரிஜெக்ட் வாங்கிட்டு அப்படியே விட்டுட்டாங்க.

முதல் வேலை, அந்த பிடிஎஃப்ல "மாடர்ன் ட்ரீட்மென்ட்"னு தேடுங்க. 2019ல ஐஆர்டிஏஐ, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகளை எல்லாம் கண்காணிக்கிற ஆணையம், 12 நவீன சிகிச்சைகளை பட்டியல் போட்டு, இதை எல்லாம் புதுசுன்னு சொல்லி ஹெல்த் பாலிசியிலேர்ந்து ஒதுக்கி வைக்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. அந்த பட்டியல்ல ரோபோட்டிக் ஆபரேஷன் இருக்கு, கேன்சருக்கு குடுக்குற இம்யூனோதெரபி இருக்கு, மாத்திரையா சாப்பிடுற கீமோ இருக்கு, கத்தி வைக்காம கதிர்வீச்சை ஒரே புள்ளியில குவிச்சு பண்ற ஸ்டீரியோடாக்டிக் சிகிச்சை இருக்கு, ப்ராஸ்டேட்டுக்கு லேசர், மூக்கு சைனஸுக்கு பலூன், பார்க்கின்சன் மாதிரி நோய்க்கு மூளைக்குள்ள எலக்ட்ரோடு வைக்குறது, கர்ப்பப்பை கட்டிக்கு ரத்தக்குழாயை அடைக்குற முறை, ஸ்டெம் செல்லுல எலும்பு மஜ்ஜை மாத்துறது. அதோட எங்க அம்மாவுக்கு போட்ட கண்ணுக்குள்ள போடுற ஊசியும் அதே பட்டியல்ல இருக்கு, இன்ட்ராவிட்ரியல் இன்ஜெக்ஷன்னு. எங்க பாலிசியோட 19ம் பக்கத்துலயே இருந்துச்சு, அவங்களே அச்சடிச்சு குடுத்தது, அவங்களே மறந்துட்டாங்க போல.

ஆனா பட்டியல்ல இருக்குன்னு பாத்ததும் சந்தோஷப்பட்டு பிடிஎஃப்பை மூடிடாதீங்க, அதே பக்கத்துல "சப் லிமிட்"னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, மொத்த ஆட்டமும் அங்கதான். ஒதுக்கக்கூடாதுன்னு சொன்ன ஆணையம் உச்சவரம்பு வைக்குறதுக்கு விட்டுருச்சு. அதனால 5 லட்ச ரூபா பாலிசியா இருந்தாலும் ரோபோட்டிக்குக்கு 1 லட்சம்தான், ஊசிக்கு இவ்ளோதான்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடு போட்டு வெச்சிருப்பாங்க. சில பாலிசியில மொத்த தொகையில பாதின்னு இருக்கும், புதுசா வர்ற சில பாலிசியில எந்த வரம்பும் இருக்காது. புதுசா எடுக்குறவங்க ப்ரீமியத்தை மட்டும் பாக்காம இந்த ஒரு கட்டத்தை பாத்துட்டு எடுங்க, பத்து வருஷம் கழிச்சு எந்த சிகிச்சை சாதாரணமா ஆகியிருக்கும்னு இன்னிக்கு யாருக்கும் தெரியாது.

அதுக்கு ஒரு உதாரணம் நெக்ஸ்கார்19. ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்குன கார்-டி செல் சிகிச்சை, சில வகை ரத்த புற்றுநோய் மத்த மருந்துக்கு அடங்காம திரும்பி வந்தவங்களுக்கு, அவங்க ரத்தத்துலேர்ந்தே டி செல்லை எடுத்து லேப்ல மாத்தி திரும்ப உடம்புக்குள்ள ஏத்துறது. 2023 அக்டோபர்ல அனுமதி கெடைச்சது. வெளிநாட்டுல கோடிக்கணக்குல ஆகுறது இங்க 40 லட்சத்தை ஒட்டி முடியுது, அதுவும் சாதாரண குடும்பத்துக்கு எட்டாத தொகைதான். 2019ல அந்த 12 பட்டியல் போட்டப்ப நம்ம நாட்டுல இதுக்கு அனுமதியே கிடையாது. அதனால பட்டியல்ல பேரு இல்லாத சிகிச்சைன்னா ஏஜென்ட் "அதெல்லாம் வந்துடும் சார்"னு சொல்றதை நம்பாதீங்க, கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்குங்க. எடை குறைக்குறதுக்கு வாரம் ஒரு தடவை வீட்லயே போட்டுக்குற ஊசி பத்தி இப்ப எல்லாரும் கேக்குறாங்க, அது சாதா பாலிசியில வராது, ஓபி செலவு. அதே எடைக்கு ஆபரேஷன்னா வரலாம், ஆனா பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்ளோங்குற கணக்கு, 40க்கு மேல இருக்கணும், இல்ல 35க்கு மேல இருந்து கூடவே தீவிரமான சுகர், இதய நோய் மாதிரி ஏதாவது இருக்கணும்.

ரோபோட்டிக் பத்தி என் அபிப்பிராயம் ஒண்ணு, திட்டினாலும் பரவால்ல. டாக்டர் ரோபோட்டிக்ல பண்ணலாம்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க. "சாதா கீஹோல்ல, அதாவது சின்ன ஓட்டை போட்டு பண்றதுக்கும் இதுக்கும் என் கேஸ்ல என்ன வித்தியாசம் சார், எவ்ளோ கூட ஆகும், நீங்க இதுல எத்தனை பண்ணிருக்கீங்க"ன்னு கேளுங்க. நல்ல டாக்டர் கோவப்பட மாட்டாரு. ப்ராஸ்டேட் கேன்சர் மாதிரி ஆழமான, இடுக்கான எடத்துல ரோபோ கை நெஜமாவே உதவுது. ஆனா எல்லா ஆபரேஷனுக்கும் அப்படி இல்ல, வித்தியாசம் பெருசா இல்லாத எடத்துல சப் லிமிட்டுக்கு மேல போற பணம் உங்க பாக்கெட்லேர்ந்துதான் போகும்.

இப்ப ரூம். எங்க சித்தப்பாவுக்கு நடந்ததை கணக்கோட சொல்றேன். பாலிசி 5 லட்சம், ரூம் வாடகைக்கு வரம்பு அதுல 1%, அதாவது ஒரு நாளைக்கு 5,000. சித்தி "ஏசி, அட்டாச்டு பாத்ரூம், கூட படுக்க ஒரு கட்டில் வேணும்"னு 8,000 ரூபா ரூம் எடுத்தாங்க, நாலு நாள். கூட ஆகுற 12,000 நாம கைல குடுத்துக்கலாம்னு நெனச்சுதான் எடுத்தாங்க. பில் வந்தது 2,42,000. ரூம் 32,000, டாக்டர் ஃபீஸ் தியேட்டர் நர்சிங் எல்லாம் சேர்த்து 1,20,000, மருந்து டெஸ்ட் இம்ப்ளான்ட் 90,000. கம்பெனி என்ன பண்ணுச்சுன்னா, உங்களுக்கு தகுதி 5,000, எடுத்தது 8,000, அப்ப 62.5%தான்னு சொல்லி ரூம் வாடகைல மட்டும் இல்ல, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் வரைக்கும் அதே விகிதத்துல வெட்டிருச்சு. 1,20,000 வெறும் 75,000 ஆச்சு. கைல கட்டினது 57,000, அதுக்கு மேல கையுறை, மாஸ்க்னு குட்டி குட்டி சாமான் கணக்கு வேற. சித்தி இன்னும் அந்த கட்டிலை பத்தி பேசுறாங்க.

இதுல தெரிஞ்சுக்க வேண்டியது என்னன்னா மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட், ஐசியூ இதுல எல்லாம் இந்த விகித வெட்டு போடக்கூடாதுன்னு ஆணையத்தோட விதி இருக்கு, போட்டிருந்தா சண்டை போடலாம். அதே மாதிரி எந்த ரூமா இருந்தாலும் டாக்டர் ஃபீஸ் ஒண்ணுதான்னு வெச்சிருக்குற ஆஸ்பத்திரியிலயும் வெட்டக்கூடாது. ஆனா சண்டை போடுறதை விட அட்மிஷன் கவுன்டர்ல "என் பாலிசிக்கு எந்த ரூம் தகுதி"ன்னு ஒரு கேள்வி கேட்டுட்டு கையெழுத்து போடுறது ஈஸி.

அடுத்தது கேஸ் ஷீட், யாருமே கவனிக்காத எடம் இதுதான். அம்மாவை இன்னொரு தடவை நெஞ்சு வலின்னு ராத்திரி சேர்த்தோம், ட்யூட்டி டாக்டர் சின்னப் பையன், தூக்க கலக்கத்துல கேட்டாரு, "பாட்டி எத்தனை வருஷமா சுகர் இருக்கு?" அம்மா, "அது ரொம்ப நாளா இருக்குப்பா"ன்னாங்க. அவரு பத்து வருஷம்னு எழுதிட்டாரு. நெஜத்துல சுகர் கண்டுபுடிச்சு நாலு வருஷம்தான், பாலிசி எடுத்து ஆறு வருஷம். அந்த ஒரு வரிய புடிச்சுக்கிட்டு, பாலிசி எடுக்குறதுக்கு முன்னாடியே இருந்த நோயை மறைச்சுட்டீங்கன்னு கேள்வி வந்துச்சு. நல்ல வேளை முதன்முதலா சுகர் தெரிஞ்ச லேப் ரிப்போர்ட்டை அம்மா பீரோவுல புடவைக்கு அடியில வெச்சிருந்தாங்க, அதை அனுப்புனதும் அடங்குனாங்க. அதனால ட்யூட்டி டாக்டர் கேக்குறப்ப பக்கத்துல வீட்டு ஆளு ஒருத்தர் நின்னு வருஷத்தை சரியா சொல்லுங்க. தப்பா எழுதியிருந்தா அன்னிக்கே திருத்தி டாக்டர் கையெழுத்து வாங்குங்க, டிஸ்சார்ஜ் சம்மரில வந்ததுக்கப்புறம் திருத்துறது நாய் படாத பாடு. பொய் சொல்ல சொல்லலை, அது வேற. பாலிசி எடுக்குறப்ப இருக்குற சுகர், பிபி, பழைய ஆபரேஷன் எல்லாத்தையும் ஃபார்ம்ல எழுதிடுங்க, ஏஜென்ட் "எழுதாதீங்க ப்ரீமியம் ஏறும்"னு சொன்னா ஏஜென்ட்டை மாத்துங்க. முன்னாடியே இருக்குற நோய்க்கு காத்திருப்பு காலம் முன்ன 4 வருஷம் வரைக்கும் வெக்கலாம், 2024 ஏப்ரல்லேர்ந்து அதிகபட்சம் 3 வருஷம்தான். தொடர்ந்து 5 வருஷம் கட்டிட்டா அதுக்கப்புறம் மோசடின்னு நிரூபிச்சாலொழிய மறைச்சுட்டீங்கன்னு சொல்லி க்ளைமை மறுக்கவும் முடியாது.

கேஷ்லெஸ்ஸுக்கு வருவோம், அதாவது நாம கைல கட்டாம கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டுறது. ப்ளான் பண்ண ஆபரேஷன்னா ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஆஸ்பத்திரியோட இன்சூரன்ஸ் டெஸ்க்ல ப்ரீ-ஆத், அதாவது கம்பெனிகிட்ட முன் அனுமதி, போட சொல்லுங்க, அட்மிஷன் அன்னிக்கு வரைக்கும் வெயிட் பண்ணாதீங்க. சிகிச்சையோட பேரை டாக்டர் சுருக்கமா எழுதாம பாலிசியில எப்படி இருக்கோ அந்த பேரையே எழுத சொல்லுங்க, "கண் ஊசி"ன்னு எழுதுறதுக்கும் "இன்ட்ராவிட்ரியல் இன்ஜெக்ஷன், டே கேர்"னு எழுதுறதுக்கும் உள்ள வித்தியாசம் என் கேஸ்ல 38,000 ரூபா. டே கேர்னா ஒரு நாள் முழுக்க அட்மிட் ஆகாம அன்னிக்கே வீட்டுக்கு அனுப்புற சிகிச்சை. 2024 மே மாசம் ஆணையம் போட்ட மாஸ்டர் சர்க்குலர்படி கேஷ்லெஸ் கேட்டு வந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள முடிவு சொல்லணும், டிஸ்சார்ஜுக்கு மூணு மணி நேரத்துக்குள்ள அனுமதி குடுக்கணும், அதுக்கு மேல ஆகி ஆஸ்பத்திரி கூடுதல் சார்ஜ் போட்டா அதை கம்பெனிதான் ஏத்துக்கணும். டிஸ்சார்ஜ் அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னா, ஆஸ்பத்திரி எத்தனை மணிக்கு ஃபைனல் பில் அனுப்புச்சுன்னு முதல்ல கேளுங்க. பாதி நேரம் தப்பு கம்பெனி மேல இல்ல, பில்லிங் செக்ஷன் மத்தியானம் சாப்பாட்டுக்கு போயிருப்பாங்க.

கேஷ்லெஸ் கெடைக்கலைன்னா கைல கட்டிட்டு அப்புறம் கம்பெனிகிட்ட திரும்ப வாங்குற ரீஇம்பர்ஸ்மென்ட். அட்மிட் ஆன 24 மணி நேரத்துக்குள்ள ஒரு போன் இல்லன்னா மெயில் போட்டு சொல்லிடுங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, பிரிச்சு எழுதுன பில், பணம் கட்டுன ரசீது, மருந்து பில்லோட அதுக்கான சீட்டு, டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம், ஸ்டென்ட் மூட்டு லென்ஸ்னு ஏதாவது வெச்சிருந்தா அதோட ஸ்டிக்கர், கேன்சல்டு செக், எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வெச்சுட்டு ஒரிஜினல் அனுப்புங்க. அட்மிஷனுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு மாசம், பின்னாடி ரெண்டு மூணு மாசம் ஆன டெஸ்ட், மருந்து செலவும் பெரும்பாலான பாலிசியில வரும், அதை கேக்காம விடுறவங்கதான் அதிகம்.

ப்ரைவேட் பாலிசி இல்லாதவங்களுக்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கார்டு வாங்கிடுங்க, கலைஞர் காப்பீடுன்னு 2009ல ஆரம்பிச்சது, பேரு மாறி, 2018லேர்ந்து மத்திய அரசோட ஆயுஷ்மான் திட்டத்தோட சேர்ந்து ஓடுது, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு கவுன்டருக்கு போகணும். நோய் வந்ததுக்கப்புறம் ஓடாதீங்க, இப்பவே போங்க. எந்த ஆஸ்பத்திரியில எந்த சிகிச்சைக்கு செல்லும்னு 1800 425 3993ல கேளுங்க, ஏன்னா ஒரே ஆஸ்பத்திரியில இதயத்துக்கு செல்லும், மூட்டுக்கு செல்லாதுன்னு இருக்கும். கல்லீரல் மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று, காது கேக்காத கொழந்தைக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் மாதிரி பெரிய செலவுக்கு தனி நிதி வெச்சு பண்றாங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரின்னா பழைய காலத்து வைத்தியம்தான்னு நெனைக்குறவங்க சென்னை ஓமந்தூரார் ஆஸ்பத்திரியில 2022லயே ரோபோட்டிக் ஆபரேஷன் ஆரம்பிச்சாச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க.

ரோட்ல அடிபட்டா கார்டு இருக்கா, எந்த ஊர்க்காரர்னு எதுவும் பாக்காம முதல் 48 மணி நேரம் இலவசமா பாக்குற இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பர்லேர்ந்து இருக்கு, இந்த திட்டத்துல ப்ரைவேட் ஆஸ்பத்திரிகளும் உண்டு. சம்பளம் 21,000க்குள்ள வாங்குறவங்க இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்கு, புடிச்சிருக்காங்களான்னு சம்பள ஸ்லிப்ல பாருங்க, புடிச்சிருந்தா உங்களை நம்பி இருக்குற குடும்பத்துக்கும் வைத்தியம் இருக்கு. 70 வயசு தாண்டுனவங்களுக்கு வருமானமே பாக்காம 5 லட்சம்னு மத்திய அரசு 2024 அக்டோபர்ல வய வந்தனா கார்டு கொண்டு வந்துச்சு, உங்க ஊர்ல எங்க செல்லும்னு 14555ல விசாரிங்க.

ப்ரீமியம் பத்தி ரெண்டு வரி. 2025 செப்டம்பர் 22லேர்ந்து தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிக்கு 18% ஜிஎஸ்டி கிடையாது, ரெனியூவல் நோட்டீஸ்ல பாத்துக்கோங்க. 60 வயசு தாண்டுனவங்களுக்கு ஆணையத்தை கேக்காம ஒரே வருஷத்துல 10%க்கு மேல ஏத்தக்கூடாது. கம்பெனி மாத்தணும்னா ரெனியூவல் தேதிக்கு 45 நாள் முன்னாடியே போர்ட்டிங் அப்ளை பண்ணுங்க, கட்டுன வருஷக் கணக்கு கூடவே வரும். ஆபீஸ்ல குடுக்குற இன்சூரன்ஸை மட்டும் நம்பி அப்பா அம்மாவை விட்டுடாதீங்க, வேலை போன அன்னிக்கு அதுவும் போயிடும்.

சரி, ரிஜெக்ட் ஆன என் கதை. கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி கத்துறதுல பிரயோஜனம் இல்ல, நான் நாலு தடவை கத்திப் பாத்துட்டேன். கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்குன்னு தனி மெயில் இருக்கும், அதுக்கு எழுதணும். நான் எழுதுனது அரைப் பக்கம்தான், பாலிசி நம்பர், க்ளைம் நம்பர், 19ம் பக்கத்தோட படம், "இந்த சிகிச்சை உங்க பாலிசியிலயே நவீன சிகிச்சை பட்டியல்ல இருக்கு, இதுக்கு 24 மணி நேர அட்மிஷன் தேவையில்லன்னு டே கேர் பிரிவு சொல்லுது, எந்த விதிப்படி மறுத்தீங்கன்னு விதி நம்பரோட சொல்லுங்க"ன்னு. டாக்டர்கிட்ட கெஞ்சி, ஏன் இந்த ஊசி தியேட்டர்ல வெச்சுதான் போடணும்னு அஞ்சு வரி லெட்டரும் வாங்கி சேர்த்தேன். கூடவே ஆணையத்தோட பீமா பரோசா தளத்துலயும் புகார் பதிஞ்சேன், நெட்ல பதிய தெரியாதவங்க 155255க்கு போன் பண்ணலாம்.

30 நாள்ல பதில் வரலைன்னாலோ வந்த பதில் சரியில்லன்னாலோ ஆம்பட்ஸ்மேன்கிட்ட, அதாவது இன்சூரன்ஸ் புகாரை விசாரிச்சு தீர்ப்பு சொல்ற அதிகாரிகிட்ட, போகலாம், தமிழ்நாட்டுக்கு சென்னை தேனாம்பேட்டையில ஆபீஸ். ஒரு பைசா ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரைக்கும் உள்ள புகார் எடுத்துக்குறாங்க, ரிஜெக்ட் ஆகி ஒரு வருஷத்துக்குள்ள போகணும் அவ்ளோதான்.

எனக்கு அது வரைக்கும் போக வேண்டியிருக்கல. இருபத்தி ரெண்டாவது நாள், மறுபரிசீலனை பண்ணிட்டோம்னு மெயில், மன்னிப்பெல்லாம் ஒண்ணும் கேக்கலை. முதல் ஊசிக்கு சப் லிமிட்டுக்குள்ள வர்ற 38,000 அக்கவுன்ட்ல ஏறுச்சு, மீதி நாலாயிரத்து சொச்சம் நம்ம கணக்கு. மூணாவது ஊசி வர்ற 12ம் தேதி, ப்ரீ-ஆத் பேப்பர்ல "டே கேர்"ங்குற வார்த்தை இருக்கான்னு நேத்து டெஸ்க்ல நின்னு படிச்சு பாத்துட்டுதான் வந்தேன்.